பெட்டிமேல் எழுதிய பெயர்

மோர்டன், லண்டன்
மார்ச் 11

மரண அறிவித்தல்

சீனாவைப் பிறப்பிடமாகவும் லண்டன் மோர்டனை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ரோஸ்ரர் அவர்கள், நேற்றுக் காலை வாட்டப்போட்ட இரண்டு துண்டுப் பாணை விடாப்பிடியாகப் பற்றியபடி இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற கேத்தலின் பாசமிகு சகோதரரும் மைக்ரோவேவ் அம்மையாரின் அன்புக் கணவரும் ஆவார். பூதவுடல், கவுன்சில் குப்பை வண்டி வரும்வரை எங்கள் வீட்டு வாசலில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டிருக்கும். உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.
தகவல்: பசியோடு பள்ளிக்கூடம் போன யனுஷன்.

அன்புள்ள சித்தி,

உங்கள் செய்மதி இணைப்பில் படம் போகாது, குரல் போகாது, எழுத்து மட்டும்தான் போகும் என்றீர்கள். அதுவும் தமிழில் எழுதினால்தான் பதில் என்று நிபந்தனை வேறு. சனிக்கிழமைப் பள்ளியில் பெர்னடெற் ரீச்சர் என்னிடம் ஒரு பக்கம் வாங்குவதற்குப் படும் பாட்டை நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தே சாதித்துவிட்டீர்கள்.

இனி இரண்டாவது செய்தி. வனுவாட்டு எங்கே இருக்கிறது என்று செல்வரத்தினம் மாமாவின் கடையில் ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் ஆபிரிக்கா என்றார். நான்தான் போனில் வரைபடத்தைத் திறந்து, பசிபிக் கடலில் யாரோ தூள் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்ததுபோல் கிடந்த புள்ளிகளைக் காட்டி, அங்கேதான் புயல் அடித்தது, அங்கேதான் என் சித்தி நிவாரண வேலை செய்கிறா என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "தீவோ? சுத்திவரக் கடலோ? அப்ப சனம் எங்கை ஓடுறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கடையில் ஒருவரும் பகிடி விடவில்லை. நானே விடவில்லை என்றால் பாருங்கள்.

மறுநாளே நிவாரணக் குழு பிறந்துவிட்டது. ஒரு கொன்டெய்னர் நிறையச் சாமான் அனுப்பப்போகிறோம். நான் இளைஞர் அணித் தலைவர். அம்மா அதைத் தலைவலி என்று சுருக்கிச் சொல்கிறா. பெரியவர்கள் எனக்குத் தந்த பொறுப்பு பருப்பு. வீடு வீடாகப் போய்ச் சேர்க்கிறேன். மோர்டனில் மோர் கிடைக்காது, ஆனால் சாமான் டன் கணக்கில் கிடைக்கிறது. என் அணியில் பல பேர். நான் கை காட்டினால் போதும், வேலை நடக்கும்.

உங்களுக்கு ஏதும் விசேஷமாக வேண்டுமென்றால் எழுதுங்கள். தலைவரிடம் சொல்லி வைக்கிறேன்.

யனு

*

வனுவாட்டு
மார்ச் 17

யனு,

ரோஸ்ரரின் பிரிவால் துயருறும் அம்மாவுக்கு என் அனுதாபம். அறிவித்தலை இங்கே என்னோடு வேலை செய்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். புயலுக்குப் பிறகு இந்த அறையில் ஆட்கள் சிரித்தது இதுதான் முதல் தடவை. அதற்காக நன்றி.

இனி நான் எழுதுவதைப் பகிடியாக எடுக்காதே. கொன்டெய்னர் அனுப்ப வேண்டாம்.

நான் செய்யும் வேலையில் வீரம் ஒன்றும் இல்லை. எது முதலில் போக வேண்டும், எது பிறகு, எது போகவே கூடாது என்று தீர்மானிப்பதுதான் வேலை. துறைமுகம் சின்னது. பொருள் ஏற்றி இறக்கும் முற்றம் உங்கள் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலின் அளவுகூட வராது. அதில் இப்போதே உலகத்தின் நாலு பக்கத்திலிருந்தும் வந்த நல்ல மனங்கள் அடுக்கிக் கிடக்கின்றன. குளிர்ச் சட்டை, பொம்மை, காலாவதியான பிஸ்கட். அவற்றுக்குப் பின்னால் கூரைத் தகடும் தண்ணீர்த் தாங்கியும் இறங்க இடமில்லாமல் நிற்கின்றன.

வடக்கே ஒரு தீவு. அங்கே போய் நாலு நாள் நின்றேன். கடல் ஏறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. கிழங்குத் தோட்டங்கள் அழுகிப்போயின. லெய்மரா என்ற தாதி ஒருத்திதான் அங்கே மருத்துவமனை. அவளுக்கு வேண்டியது நீரைச் சுத்தமாக்கும் பொறியும் மருந்தும். பருப்பு அவிக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும்தானே.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். 2009இல் முகாமுக்குள் எங்களுக்கு ஒருநாள் பெட்டி வந்தது. வரிசையில் நின்று வாங்கினேன். எனக்குக் கிடைத்தது குதி உயர்ந்த சிவப்புச் செருப்பு, இடது கால் மட்டும். சேற்றில் நின்று அதை வைத்துக்கொண்டு அழுதேன். அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செல்வரத்தினம் மாமாவுக்கு இதை நான் எழுத வேண்டும். எழுத முடியவில்லை. ஹீத்ரோவில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர். தன் கடையில் முதல் வேலை தந்தவர் அவர். அவருக்கு "உங்கள் உதவி வேண்டாம்" என்று எந்தச் சொல்லால் எழுதுவது? நீ கெட்டிக்காரன், கதைக்கத் தெரிந்தவன். கூட்டத்தில் என் கடிதத்தை வாசி. சித்தி சொன்னவ, அனுப்ப வேண்டாமாம் என்று சொல். சேர்த்த சாமானை லண்டனிலேயே இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சொல்.

சித்தி

*

மோர்டன்
மார்ச் 24

சித்தி,

வெற்றி. சரித்திரம் எழுதுபவர்கள் பேனையை எடுக்கவும்.

கூட்டம் நேற்று நடந்தது. மண்டபம் நிறையச் சனம், மேசை நிறையப் பற்றிஸ். நான் உங்கள் கடிதத்தோடு எழுந்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்த கதிரையின் மேலேயே ஏறினேன். திரும்பினார்கள். முற்றம், உப்புக் கிணறு, தாதி எல்லாவற்றையும் வாசித்தேன். செருப்பை மட்டும் வாசிக்கவில்லை, அது எங்கள் இரண்டு பேருக்குள். முடித்தபோது ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. யாரோ பற்றிஸ் கடித்த சத்தம்தான் கேட்டது.

செல்வரத்தினம் மாமா எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "தம்பி, நீ சொன்னது சரி" என்றார். கொன்டெய்னர் ரத்து. பருப்பு முழுவதும் இங்கே உணவு வங்கிக்கு. என் பேச்சுத் தூள் என்று தர்சிகன் சொன்னான். அவன் என் அணியின் துணைத் தலைவன், பொய் சொல்ல மாட்டான்.

ஆகவே கவலையை விடுங்கள். வடக்குத் தீவைப் பாருங்கள். ஒரு பதினாறு வயதுப் பையன் லண்டனில் கதிரை மேல் நின்று உங்கள் துறைமுகத்தைக் காப்பாற்றினான் என்று அந்த அறையில் இருப்பவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

ஒரேயொரு விண்ணப்பம். இதைப் பற்றி அம்மாவிடமோ மாமாவிடமோ ஒன்றும் எழுத வேண்டாம். அம்மாவுக்கு ஷிப்ட்டில் தலைக்கு மேல் வேலை. மாமாவுக்கு மனம் கொஞ்சம் நொந்துதான் இருக்கிறது, கிளறக் கூடாது.

வெற்றிவீரன் யனு

*

வனுவாட்டு
ஏப்ரல் 6

என் வெற்றிவீரனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று, பல நாளைக்குப் பிறகு, படுத்தவுடன் தூங்கினேன்.

மொழிபெயர்த்தும் சொன்னேன். என் மேலாளர் கதிரைக் கதையை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நீ செய்தது சின்ன வேலை இல்லை, யனு. கேட்காத சாமான் இனி எங்கள் பெயரில் வராது என்று உறுதி தரும் நிறுவனங்களுக்குத் துறைமுகத்தில் முன்வரிசை கொடுக்கிறார்கள். எங்கள் நிறுவனத்துக்குப் பொறுப்பாளராகப் பதிந்திருப்பது என் பெயர். உன்னை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். நீர் சுத்தமாக்கும் பொறியும் மருந்தும் மே கடைசியில் வருகின்றன. வந்த அன்றே இறக்கி, வாரம் ஒரு தடவை வடக்கே போகும் சின்னக் கப்பலில் ஏற்றிவிடுவேன். அதுவரை இளநீரும் மழைத் தண்ணீரும்தான் அவர்களுக்கு.

லெய்மரா காலையில் இருவழி வானொலியில் என்னோடு பேசுவாள். அவளுக்கு ஆறு வயதில் டோமாஸ் என்று ஒரு மகன் இருக்கிறான். ரோஸ்ரர் கதையை அவனுக்கும் சொன்னேன். அதன் விளைவைக் கேள். புயலில் உடைந்த அவர்கள் வீட்டு ரேடியோவுக்கு அவன் செத்த வீடு நடத்தியிருக்கிறான். வாழையிலையில் சுற்றி, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நடக்க வைத்து, மணலில் புதைத்தானாம். அழாதவர்களுக்கு அடியாம். லண்டனில் இருக்கும் அந்த அண்ணன் அடுத்து எதைச் சாகடிப்பான் என்று கேட்கச் சொன்னான்.

ஏதாவது எழுதி அனுப்பு. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

சித்தி

*

மோர்டன்
ஏப்ரல் 19

சித்தி,

டோமாஸ் அவர்களின் கவனத்திற்கு: என் இடது சப்பாத்து, அம்மாவின் குடை, என் கணிதப் பரீட்சைப் புள்ளி ஆகிய மூவரும் ஒரே வாரத்தில் காலமானார்கள். குடைக்கு மட்டும் பெரிய ஊர்வலம் தேவை. அவர் காற்றோடு போராடி வீரமரணம் அடைந்தவர்.

வேறு விசேஷம் இல்லை. பொது அறிவுக்காக ஒரு கேள்வி. லண்டனில் இருந்து ஒரு கப்பல் அங்கே வர எவ்வளவு காலம் எடுக்கும்? வழியில் எங்காவது நிற்பாட்ட ஏலுமா? பூகோளப் பாடத்துக்கு. தேவையென்றால் மட்டும் பதில் போடுங்கள்.

இன்னொன்று. நீங்கள் போட்ட கையெழுத்தைத் திருப்பி எடுக்க ஏலுமா? இதுவும் பொது அறிவுக்குத்தான்.

யனு

*

வனுவாட்டு
மே 29

யனுஷன்,

இங்கே இப்போது போன் வேலை செய்கிறது. உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று என்னைத் துறைமுகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒரு கொன்டெய்னர். லண்டனில் இருந்து. கதவில் ஒட்டிய தாளில் என் பெயர். உள்ளே இருந்த ஒவ்வொரு பெட்டியிலும் தடித்த கறுப்பு மையில் என் பெயர். ஊருக்குச் சாமான் அனுப்பும்போது நம் ஆட்கள் எழுதுவதுபோல, பெரிதாக, நாலு பக்கமும்.

அரிசி, பருப்பு, சேலைகள், கம்பளிக் குல்லாய்கள். அதோடு வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், கருவாடு, பனங்கிழங்கைக் காயவைத்த புழுக்கொடியல், யாரோ அன்போடு போட்ட கத்தரி விதை. தாவர நோய் வந்தால் இந்தத் தீவுகளுக்குச் சாப்பாடே இல்லை. விதையும் கருவாடும் கண்டவுடன் சோதனை அதிகாரி வேலையை நிறுத்திக் கையுறையைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி மிக மரியாதையாக, "அம்மணி, நீங்கள் உறுதி தந்தீர்கள்" என்றார்.

முன்வரிசை போய்விட்டது. என் பெயரில் வந்த எல்லாவற்றையும் தடுத்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் விடுவார்களாம். நீர்ப் பொறி அதே முற்றத்தில் நிற்கிறது. நான் அதைத் தொட்டுப் பார்க்கலாம். எடுத்துக்கொண்டு போக முடியாது. சின்னக் கப்பல் இன்று காலை அது இல்லாமலே வடக்கே போனது. வடக்கில் மழை நின்று பல நாளாகிறது.

என்ன நடந்தது?

கம்சிகா

*

மோர்டன்
மே 30

சித்தி,

எனக்கும் அதிர்ச்சியாக இருக்கிறது. நான் கதிரையில் ஏறிச் சொன்னது சொன்னதுதான். பெரியவர்கள் முன்னுக்கு ஓம் என்றுவிட்டுப் பின்னால் தங்கள் பாட்டில் அனுப்பியிருப்பார்கள்போல. மாமாவைத் தெரியும்தானே, பிடிவாதக்காரர். இளைஞர் அணியை ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஏதும் செய்ய ஏலுமா? துறைமுகத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதவா? ஆங்கிலத்தில் நான் நல்லாக எழுதுவேன்.

யனு

*

வனுவாட்டு
ஜூன் 8

யனு,

டோமாஸ் இறந்துவிட்டான்.

வயிற்றோட்டம். குட்டையில் தேங்கியிருந்த தண்ணீரைப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். இன்னும் பல பேருக்கு இருக்கிறது. லெய்மரா தன்னிடம் இருந்த உப்புச் சீனிக் கரைசலை மற்றப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிட்டிருக்கிறாள். தன் மகனுக்குக் கூட்டி வைக்கவில்லை. இதை அவளே வானொலியில், கையிருப்பு எவ்வளவு என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, பொறி எப்போது வரும் என்று கேட்டாள்.

பொறி நேற்று விடுபட்டது. அடுத்த கப்பலில் போகும்.

பொறி நேரத்துக்குப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா? மேலாளர் அப்படிச் சொல்ல முடியாது என்கிறார். அவர் நல்ல மனிதர். நான் கணக்குப் போட்டுப் பார்க்க மறுக்கிறேன், ஆனால் தலை தன் பாட்டில் போடுகிறது.

உன்மேல் கோபப்பட்டதற்கு மன்னித்துக்கொள். நீ பிள்ளை. சொன்னதைச் செய்தாய், பெரியவர்கள் கேட்கவில்லை. உன்னை அனுப்பியதே என் பிழை. மார்ச்சில் நான் நேரே எழுதியிருக்க வேண்டும். நன்றிக்கடன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதிவிட்டேன். செல்வரத்தினம் மாமாவுக்கு. வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பினீர்களே, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினீர்களே என்று எழுதியிருக்கிறேன். டோமாஸின் பெயரும் வயதும் அதில் இருக்கின்றன. கடுமையான கடிதம். அவரால் தாங்க முடியாது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவேன்.

இனிமேல் மரண அறிவித்தல் ஒன்றும் எழுதி அனுப்பாதே.

சித்தி

*

மோர்டன்
ஜூன் 9

சித்தி,

மாமாவுக்கு அனுப்ப வேண்டாம். தயவுசெய்து இதை முதலில் வாசியுங்கள். முழுவதும்.

நான் கதிரையில் ஏறவில்லை.

இளைஞர் அணி என்று ஒன்று இல்லை. நான் ஒருவன்தான். தர்சிகன் பற்றிஸ் சாப்பிட வந்தவன், அரைவாசியில் போய்விட்டான். உங்கள் கடிதத்தை அச்சடித்துக் கொண்டுதான் போனேன், அது சத்தியம். கூட்டம் தொடங்கினதும் எழும்பத்தான் இருந்தேன். அதற்குள் மாமா மைக்கை எடுத்தார்.

அவர் கதைத்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு அது மறக்காது. "2009ஆம் ஆண்டு இதே மாதிரி ஒரு மண்டபத்திலை நாங்கள் பெட்டி கட்டினனாங்கள். வன்னியிலை சனம் கஞ்சிக்கு வரிசையிலை நிண்ட நேரம். நான் கட்டின பெட்டியிலை என்ரை அக்காவின்ரை பேரைத்தான் எழுதினனான். எல்லாரும் சிரிச்சவை, பொதுச் சாமானுக்கு ஏன் அண்ணை பேர் எண்டு. பேர் இல்லாத பெட்டி ஆருக்கும் போகாது எண்டு நான் சொன்னனான். பெட்டியும் போய்ச் சேரேல்லை. அக்காவும் இல்லை." பிறகு, "இந்த முறை அங்கை வாங்கிறதுக்கு எங்கட பிள்ளை ஒண்டு நிக்குது. இந்த முறை போய்ச் சேரும்" என்றார்.

மண்டபத்தில் அன்ரிமார் அழுதார்கள். மாமா என்னைப் பார்த்து, "தம்பி, சித்தியிட்டை இருந்து கடிதம் வந்தது எண்டாய். என்ன சொல்லுறா?" என்று கேட்டு மைக்கை நீட்டினார்.

கடிதம் கையில் இருந்தது. ஒரு சொல்லுத்தான், வேண்டாம் என்று. எனக்கு வரவில்லை. எப்போதும் வாய் நிறையச் சொல் வைத்திருக்கிறவன் நான்.

"சித்தி உடனை கெதியா அனுப்பச் சொன்னவ" என்றேன்.

கை தட்டினார்கள், சித்தி. எழும்பி நின்று தட்டினார்கள். எனக்கு அதற்கு முன் ஒருவரும் கை தட்டினதில்லை. அந்த வேகத்தில், "பேரை எழுதச் சொன்னவ, தன்ரை பேரை" என்றும் சொன்னேன். அதை ஒருவரும் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னது. பெட்டிகளில் பெயர் எழுதினதும் நான்தான். பெரிதாக, நாலு பக்கமும். கத்தரி விதையைப் பார்த்து, தூளும் விதையும் போகலாமோ என்று கமலாம்பிகை அன்ரி கேட்டவ. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எல்லாம் தூள், போடுங்கோ அன்ரி" என்று பகிடி விட்டேன்.

ஏப்ரலில் நீங்கள் டோமாஸைப் பற்றி எழுதியபோது கப்பல் ஏற்கெனவே போய்விட்டது. ஒவ்வொரு நாளும் அந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று போனில் பார்ப்பேன். ஒரு சின்ன முக்கோணம், கடலில் அசையாததுபோல் இருக்கும். அது மூழ்கித் தாண்டுபோக வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதில் ஆட்கள் இருப்பார்கள் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் முடிந்து மாமாவின் கடைக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்வதற்கு. உங்கள் கடிதம் போகும் முன் என் வாயால் சொல்ல வேண்டும் என்று. அவர் கல்லாவில் இருந்து எழும்பி வந்து, "கப்பல் போய்ச் சேர்ந்ததோ தம்பி? உங்கட சித்தி ஒண்டும் எழுதேல்லையோ?" என்று கேட்டார்.

நான் "ஓம் மாமா, போய்ச் சேர்ந்தது" என்றேன்.

அவர் கடையைப் பாதியில் பூட்டினார். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அவரின் அக்காவின் படம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் விளக்கைக் கொளுத்தி, "அக்கா, போய்ச் சேர்ந்திட்டுதாம்" என்று சொன்னார். பிறகு எனக்கு ஒரு சொக்லேற்றும் பிளேன் ரீயும் தந்தார்.

நான் குடித்துவிட்டு வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, சித்தி. அந்தச் சொக்லேற்றையும் சாப்பிட்டுவிட்டேன்.

யனுஷன்